லேஸ், சிப், வெல்க்ரோ, அடுத்து என்ன? சப்பாத்தைப் பூட்டும் வழிகள்: தொடக்கநிலை விளக்கம்

திருகோணமலையில் இருப்பவர்கள் ஒரே நாளில் பல தடவை காலணியைக் கழற்றி மாட்டுகிறோம். வீட்டு வாசலில், கோயிலில், பள்ளிவாசலில், விகாரையில் எல்லாம் கழற்ற வேண்டும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனால் அங்கேயும், டச் பே கரையில் மணலுக்குள் இறங்கினால் அங்கேயும் அதே வேலைதான். லேஸ் கட்டிய சப்பாத்தோடு கோணேசர் கோயிலுக்கு வந்தவர் குனிந்து முடிச்சோடு போராடிக்கொண்டிருப்பார். பாட்டாச் செருப்போடு வந்தவர் காலை உதறிவிட்டு உள்ளே போய்விடுவார்.

அப்படியென்றால் எல்லோரும் செருப்பே போடலாமே? போடலாம்தான். ஆனால் செருப்போடு ஓட முடியாது, பந்தடிக்க முடியாது, இரும்புச் சாமான் ஏற்றி இறக்கும் வேலைத்தளத்துக்குள் போகவும் கூடாது. அங்கெல்லாம் சப்பாத்துதான் வேண்டும். சப்பாத்தின் பிடிப்பும் செருப்பின் சுலபமும் ஒன்றாகக் கிடைக்குமா என்பதுதான் இந்தத் துறையில் எல்லோரும் கேட்கும் கேள்வி. பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஏதாவது புதிதாகச் செய்ய நினைக்கும் பிள்ளைகளும் இதைக் கேட்பார்கள். "சேர், லேஸே இல்லாத சப்பாத்து செய்தால் என்ன?" என்று தொடங்குவார்கள். நல்ல கேள்வி. பதிலுக்குப் போக முன், லேஸ் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பூட்டுக்கு மூன்று வேலை

முதலாவது, பிடிப்பது. நடக்கும்போது பாதம் சப்பாத்துக்குள் முன்னுக்கு வழுக்கப் பார்க்கும், குதிக்கால் மேலே எழும்பப் பார்க்கும். இரண்டையும் தடுக்கச் சரியான இடம் புறங்காலின் மேடு. அந்த மேட்டில் கீழ்நோக்கி அழுத்தம் கொடுத்தால் பாதம் பின்னுக்குத் தள்ளப்பட்டுக் குதிக்கால் அதன் குழியில் போய் உட்காரும். எந்தப் பூட்டாக இருந்தாலும், அது லேஸோ பட்டியோ இழுவைச் சிப்போ, கடைசியில் இந்த அழுத்தத்தைத்தான் உண்டாக்குகிறது. அழுத்தம் இல்லாத காலணியில் கால் விரல்கள் அந்த வேலையைச் செய்ய வேண்டும். பழைய பாதக்குறட்டில் பட்டியே கிடையாது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு குமிழ் மட்டும் இருக்கும், விரல்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். பாட்டாச் செருப்பிலும் பாதி வேலையை விரல்தான் செய்கிறது. அதனால்தான் செருப்போடு நெடுந்தூரம் நடந்தால் விரல் இடுக்கு நோகிறது.

இரண்டாவது, அளவைச் சரிசெய்வது. ஒரே அளவுச் சப்பாத்தை வாங்கும் இரண்டு பேரின் புறங்கால் உயரம் ஒன்றாக இருக்காது. ஒரே ஆளின் இடது காலும் வலது காலும்கூடப் பலருக்கு வித்தியாசம். காலையில் மெலிந்திருக்கும் பாதம், நாள் முழுக்க நின்றால் பின்னேரம் வீங்கிவிடும். தடித்த மேசு போட்டால் அதற்கும் இடம் வேண்டும்.

மூன்றாவது, திறந்து மூடுவது. கால் போகுமளவுக்கு வாய் விரிய வேண்டும், பிறகு மூட வேண்டும். இதற்கு எத்தனை கை, எவ்வளவு விரல் பலம், எவ்வளவு குனிவு, எவ்வளவு நேரம் வேண்டும் என்பதெல்லாம் இந்த வேலையின் செலவு.

மூன்றையும் ஒரே தரத்தில் செய்யும் பூட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒன்றில் கூடினால் இன்னொன்றில் குறையும். ஆகவே புதிய பூட்டு யோசிப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, யாருடைய காலுக்கு, யாருடைய கைக்கு, எந்த நிலத்துக்கு என்பதுதான். இதைத் தீர்மானிக்காமல் வரையத் தொடங்கினால் பார்க்க வடிவாக இருக்கும், யாருக்கும் உதவாது.

லேஸ் ஏன் இன்னும் இருக்கிறது

ஆர்மேனியாவின் ஒரு குகையில் 2008இல் கண்டெடுத்த தோல் சப்பாத்துக்கு வயது ஏறக்குறைய 5,500 ஆண்டு. ஒரே மாட்டுத்தோலை மடித்துச் செய்தது. முன்பக்கத்தில் ஓட்டைகள், அவற்றினூடாகத் தோல் நாடா. இன்று பாடசாலைக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் சப்பாத்தின் அமைப்பும் அடிப்படையில் இதுதான். இத்தனை காலம் நிலைத்த ஒரு பொருளைப் பழையது என்று ஒதுக்க முன், அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது.

அதற்கு இறங்குதுறைக்குப் போவோம். படகு வந்ததும் கயிற்றைத் தூணில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை ஒருவர் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பார். அலை எவ்வளவு இழுத்தாலும் படகு போகாது. பிடிப்பது அவருடைய பலம் அல்ல, கயிற்றுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள உராய்வு. இந்தக் கணக்கை 18ஆம் நூற்றாண்டில் ஒய்லர் என்ற கணித மேதை எழுதிவைத்தார். உராய்வின் அளவைக் காட்டும் எண்ணான உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் உங்கள் பிடி சுமார் ஆறரை மடங்காகப் பெருகும். இரண்டு சுற்றில் 43 மடங்கு. மூன்று சுற்றில் 280 மடங்குக்கும் மேல். கூட்டலாக வளரவில்லை, பெருக்கலாக வளர்கிறது.

லேஸ் ஓட்டைகளில் வளைந்து வளைந்து போகும்போதும் இதுதான் நடக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் உராய்வு கொஞ்சம் இழுவையைத் தின்றுவிடும். ஆகவே மேலே முடிச்சுக்கு வந்து சேரும் இழுவை மிகக் குறைவு. ஒரு சின்ன முடிச்சு ஓடும் மனிதனின் பாதத்தைக் கட்டிவைத்திருப்பது இப்படித்தான்.

ஆனால் அதே உராய்வு ஒரு தொல்லையும் தருகிறது. மேலே மட்டும் பிடித்து இழுத்தால் கீழே விரல் பக்கம் தளர்ந்தே இருக்கும், இழுவை அங்கே போய்ச் சேராது. அதனால்தான் கீழிருந்து ஒவ்வொரு வரியாக இறுக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. இதைத் தொல்லை என்று மட்டும் பார்க்கக் கூடாது. விரல் பக்கம் தளர்வாகவும் கணுக்கால் பக்கம் இறுக்கமாகவும் வைக்க விரும்புகிறவருக்கு அதே உராய்வு உதவி செய்கிறது. நான் லேஸை மதிப்பதற்குப் பெரிய காரணம் இது. ஒரே நூல், ஒவ்வொரு வரியிலும் வேறு இறுக்கம். இந்த விலையில் இதைத் தரும் வேறு பூட்டு இல்லை.

எந்த வடிவில் கோர்ப்பது நல்லது என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் பேர்கார்ட் போல்ஸ்டர் 2002இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார். மிகக் குறைந்த நீள லேஸ் போதுமான கோர்வை, அதிகம் பேர் பாவிக்காத வேறொரு வடிவம். ஆனால் இழுவையை மிகப் பலமாகக் கொடுப்பது நம் எல்லோருக்கும் தெரிந்த குறுக்குமறுக்குக் கோர்வையும் நேர்க்கோர்வையும்தான். கணக்கே தெரியாமல் கைப்பழக்கத்தால் மக்கள் சரியானதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

சரி, முடிச்சு ஏன் தானாக அவிழ்கிறது? கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2017இல் பதில் சொன்னார்கள். ஓடும்போது பாதம் தரையில் மோதும் வேகம் புவியீர்ப்பைப் போல் 7 மடங்கு முடுக்கத்தைக் கொடுக்கிறது. அந்த அதிர்ச்சியில் முடிச்சு இளகும். காலை முன்னும் பின்னும் வீசும்போது லேஸின் நுனிகள் விசிறப்பட்டு, யாரோ பிடித்து இழுப்பதைப் போல் இழுபடும். இரண்டும் சேர்ந்தால்தான் அவிழும். கதிரையில் இருந்து காலை ஆட்டினால் மட்டும் அவிழாது. நின்ற இடத்தில் மிதித்தால் மட்டும் அவிழாது.

இங்கே உடனே பயன்படும் ஒரு விடயம் உண்டு. இரண்டு காது வைத்த லேஸ் முடிச்சைக் கட்டியபின் மேலிருந்து பாருங்கள். காதுகள் சப்பாத்துக்குக் குறுக்கே, இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் முடிச்சு சரி. விரல் பக்கமும் கணுக்கால் பக்கமுமாகத் திரும்பி நின்றால் அது பலமில்லாத முடிச்சு. திருத்துவது சுலபம்: முதல் பின்னலில் எந்த நுனியை மேலே போட்டீர்களோ, அதைக் கீழே போட்டுத் தொடங்குங்கள். மீதி எல்லாம் பழையபடிதான். கடலில் கயிறு கட்டிப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பிள்ளைக்கு லேஸ் கட்டச் சொல்லிக்கொடுக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

பக்கிள், தெறி, இலாஸ்டிக்

ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் சப்பாத்துக்குப் பக்கிள் பூட்டும் வழக்கம் பரவியது. லண்டனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ், 1660 ஜனவரியில் தான் முதன்முதலாகப் பக்கிள் போட்டதைக் குறித்துவைத்திருக்கிறார். நூறு ஆண்டுக்கும் மேல் அது ஓங்கி நின்றது. பிறகு நாகரிகம் மாறி லேஸ் திரும்ப வந்தபோது, பக்கிள் செய்த தொழிலாளர்கள் 1790களில் அரச குடும்பத்திடம் முறையிட்டார்கள். பலன் கிடைக்கவில்லை. பக்கிளுக்கு நிலையான பலம் உண்டு, ஆனால் ஓட்டைக்கு ஓட்டைதான் இறுக்க முடியும், நடுவில் நிறுத்த முடியாது. சின்னப் பிள்ளைகளின் செருப்பில் இன்றும் அது பொருத்தமாகவே இருக்கிறது.

தெறி வைத்த பூட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் வந்து போனது. அதைப் பூட்டவே தனியாக ஒரு கொக்கி தேவைப்பட்டது. பூட்டுக்கே ஒரு கருவி வேண்டுமென்றால் அந்தப் பூட்டு நிலைக்காது.

இலாஸ்டிக் கதை வேறு. சார்ள்ஸ் குட்இயர் 1839இல் இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தார். ஏறக்குறைய அதே காலத்தில் லண்டன் சப்பாத்துக்காரரான ஸ்பார்க்ஸ் ஹால், பக்கங்களில் இலாஸ்டிக் துணி வைத்த பூட்ஸை விக்டோரியா மகாராணிக்குச் செய்துகொடுத்து, 1840இல் அதற்குக் காப்புரிமையும் எடுத்தார். மாட்டுவதற்கு ஒரு நொடி போதும். ஆனால் ஒரு கணக்கு இடிக்கும். இலாஸ்டிக்கின் பிடி, அது எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கால் சுலபமாக உள்ளே போகுமளவுக்குத் தளர்வாக இருந்தால், ஓடும்போதும் அதே தளர்வாகத்தான் பிடிக்கும். இறுக்கமாகப் பிடிக்க வேண்டுமென்றால் உள்ளே போவதும் கடினம். இலாஸ்டிக் லேஸ் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் முட்டுகிறார்கள். போதாததற்கு, நம் ஊர் வெயில் இறப்பரைச் சீக்கிரம் இளகவும் வெடிக்கவும் வைத்துவிடும்.

சிப்பின் பிறப்பிடம் சப்பாத்து

காற்சட்டைக்கும் பைக்கும் பாவிக்கும் சிப் முதலில் சப்பாத்துக்காகத்தான் யோசிக்கப்பட்டது. சிக்காகோவைச் சேர்ந்த விட்கொம் ஜட்சன் 1893இல் எடுத்த காப்புரிமை, சப்பாத்தைப் பூட்டவும் திறக்கவுமான கொளுவி ஒன்றுக்கு. வரிசையாகக் கொக்கிகள், எதிரில் வளையங்கள், மேலும் கீழும் ஓடும் ஒரு வழுக்கி. அதே ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சியில் வைத்தார், பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது, அது நடுவழியில் பிய்ந்து திறந்துகொள்ளும்.

சுவீடனில் பிறந்த கிடியன் சண்ட்பேக் ஜட்சனின் கம்பனியில் சேர்ந்து அந்தக் குறையைத் தீர்த்தார். அவருடைய யோசனை அழகானது. கொக்கி ஒரு பக்கம், வளையம் மறுபக்கம் என்பதை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான பற்களை வைத்தார். ஒவ்வொரு பல்லின் மேலே ஒரு மேடு, கீழே ஒரு குழி. மேடு அடுத்த பல்லின் குழிக்குள் உட்காரும். பற்களின் எண்ணிக்கையையும் அங்குலத்துக்குச் சுமார் பத்தாகக் கூட்டினார். 1913இல் செய்தது, 1917இல் காப்புரிமை கிடைத்தது. 1923இல் குட்ரிச் கம்பனி இதை இறப்பர் பூட்ஸில் வைத்து விற்றபோதுதான் 'சிப்பர்' என்ற பெயரும் ஊரெல்லாம் பரவியது.

சிப் திறந்து மூடும் மூன்றாவது வேலையை அருமையாகச் செய்யும், அளவைச் சரிசெய்யும் இரண்டாவதைச் செய்யவே செய்யாது. திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும், அவ்வளவுதான். கால் வீங்கினால் இடம் விடாது. இதனால்தான் பாதுகாப்பு வேலை செய்பவர்களின் பூட்ஸ் சிலவற்றில் முன்னால் லேஸும் பக்கத்தில் சிப்பும் சேர்ந்து வருகின்றன. லேஸை ஒரு தடவை காலுக்கு அளவாகக் கட்டிவிடுவார்கள், தினமும் திறப்பதும் மூடுவதும் சிப்பால். ஒரு பூட்டால் முடியாததை இரண்டு பூட்டுகளுக்குப் பிரித்துக்கொடுப்பது, என் கணிப்பில், இந்தத் துறையின் மிகப் புத்திசாலித்தனமான யோசனை. புதிதாகச் செய்ய வருபவர்கள் இதை ஆழமாகப் பார்க்க வேண்டும்.

ஒட்டும் காய் சொல்லிக்கொடுத்த பாடம்

மழைக்குப் பிறகு பற்றைக்குள் நடந்தால் சாரத்திலும் பாவாடையிலும் நாயுருவி ஒட்டிக்கொள்ளும். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்திரால் 1941இல் நாயோடு மலைப்பக்கம் போய்வந்தபோது, அந்த நாட்டில் உள்ள ஓர் ஒட்டும் காய் அவருடைய உடுப்பிலும் நாயின் மயிரிலும் ஒட்டியிருந்தது. அதை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். முள்ளின் நுனிகள் கொக்கியாக வளைந்திருந்தன. ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் சுருள் நூல் என்ற யோசனை அங்கே பிறந்தது. யோசனைக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது, செய்து முடிக்கப் பல ஆண்டு எடுத்தது. பருத்தியில் செய்தது சீக்கிரம் தேய்ந்தது. நைலோனைச் சூட்டில் வைத்தால் கொக்கி வடிவம் நிலைக்கும் என்று கண்டார். 1955இல் காப்புரிமை கிடைத்தது. பூமா கம்பனி 1968இல் வெல்க்ரோவைச் சப்பாத்தில் வைத்தது.

வெல்க்ரோவைப் பாவிக்க நினைப்பவர் ஒரு விடயத்தை விளங்கிக்கொண்டால் போதும். பட்டியின் நீளவாக்கில் இழுத்தால் எல்லாக் கொக்கிகளும் சேர்ந்து சுமையைத் தாங்கும், எளிதில் விடாது. நுனியைப் பிடித்து மேல்நோக்கி உரித்தால் ஒரு நேரத்தில் ஒரு வரிசைக் கொக்கிதான் தாங்க வேண்டும், பிள்ளையின் விரலுக்கும் கழன்றுவிடும். ஆகவே பட்டியை எப்போதும் இழுவை நீளவாக்கில் விழும்படி வையுங்கள். இன்னும் ஒரு நுட்பம்: பட்டியை நேரே ஒட்டாமல், எதிர்ப்பக்கத்தில் ஒரு வளையம் தைத்து, அதனூடாகப் பட்டியை எடுத்துத் திருப்பி அதன்மேலேயே ஒட்டினால், கொக்கிகள் தாங்க வேண்டிய சுமை ஏறக்குறைய பாதியாகிவிடும். கப்பி வேலை செய்வது போன்ற கணக்கு. ஒரு சின்ன வளையம் இதைச் செய்யும் என்பது எனக்கு இன்றும் சந்தோஷம் தருகிறது.

கடற்கரை ஊருக்கு வெல்க்ரோவின் எதிரி மணலும் நூல்தும்பும். உப்புவெளி, நிலாவெளி மணலில் சில நாள் நடந்தால் கொக்கிகளுக்குள் தும்பும் மயிரும் அடைந்துவிடும். பழைய பல் துலக்கும் தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்தால் ஓரளவு திரும்ப வரும்.

டயலும் மோட்டரும்

2001இல் அமெரிக்காவின் கொலராடோவில் தொடங்கிய போவா என்ற கம்பனி, பனிச்சறுக்குப் பூட்ஸுக்கு ஒரு டயலைக் கொண்டுவந்தது. அமுக்கித் திருப்பினால் மெல்லிய உருக்குக் கம்பி சுருளுக்குள் இழுபடும், உள்ளே உள்ள பற்சில்லு பின்னுக்குத் திரும்பவிடாது. டயலை வெளியே இழுத்தால் எல்லாம் ஒரேயடியாக விடுபடும். குளிரில் கையுறையோடு லேஸ் கட்ட முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி.

இங்கே இறங்குதுறைக் கணக்கைத் திரும்ப நினைக்கலாம். டயலின் கம்பி வழுவழுப்பான வழிகாட்டிக் குழாய்களில் ஓடுகிறது, ஆகவே உராய்வு மிகக் குறைவு. இழுவை மேலிருந்து கீழ்வரை சமமாகப் பரவும். லேஸில் வரி வரியாக இறுக்கும் வேலை இல்லை. ஆனால் லேஸில் கிடைத்த, கீழே தளர்வு மேலே இறுக்கம் என்ற வசதியும் போய்விட்டது. அதனால்தான் விலை கூடிய பூட்ஸில் இரண்டு டயல் வைக்கிறார்கள். உராய்வு என்ற ஒரே பண்பு லேஸில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் தந்தது. அதை நீக்கியதும் இரண்டும் சேர்ந்தே போயின.

நைக்கி 2016இல் மோட்டரே இழுத்துக் கட்டும் சப்பாத்தை 720 டொலருக்கு விற்றது. தொழில்நுட்பமாக அது பெரிய சாதனைதான். ஆனாலும் பற்றரி தீர்ந்தால் கட்ட முடியாத ஒன்றை, மார்கழி மழையில் வெள்ளம் நிற்கும் வீதியில் நடப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

யாருடைய கைக்கு?

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி. லேஸ் கட்ட இரண்டு கை, பத்து விரல், வளையும் முதுகு மூன்றும் வேண்டும். மூன்றும் எல்லோருக்கும் இல்லை. நம் மாவட்டத்தில் போரில் கையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வராதவர்கள் இருக்கிறார்கள். விரல் மூட்டு வீங்கி, சேலை ஊசியைக்கூடப் பூட்ட முடியாத அம்மம்மாக்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குச் சப்பாத்துப் பூட்டுவது தினமும் இன்னொருவரைக் கூப்பிட வேண்டிய வேலை.

அமெரிக்காவின் புளோரிடாவைச் சேர்ந்த மத்தியூ வால்சர் என்ற 16 வயதுப் பையன் 2012இல் நைக்கிக்கு ஒரு கடிதம் எழுதினான். பெருமூளை வாதத்தோடு பிறந்தவன், தன் உடுப்பெல்லாம் தானே போட முடியும், லேஸ் மட்டும் கட்ட முடியாது. பல்கலைக்கழகம் போனால் ஒவ்வொரு நாளும் யாராவது வந்து கட்டிவிட வேண்டுமே என்ற கவலையை எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை வடிவமைப்பாளர் டோபி ஹட்பீல்ட் கையில் எடுத்தார். 2015இல் ஃபிளைஈஸ் வரிசையின் முதல் சப்பாத்து கடைக்கு வந்தது. சிப் ஒன்று குதிக்காலைச் சுற்றி ஓடி, பின்பக்கத்தையே கதவு மாதிரித் திறக்கும். 2021இல் கையே தேவையில்லாத ஒன்று வந்தது. அடிப்பாகத்தின் நடுவில் ஒரு கீல், அதைச் சுற்றி இழுவைப் பட்டி. கீல் இரண்டு நிலையில் மட்டுமே நிற்கும், முழுக்கத் திறந்தோ முழுக்க மூடியோ. காலை வைத்து மிதித்தால் மூடும், மற்றக் காலால் குதியை மிதித்தால் திறக்கும்.

இது விலை கூடிய பொருள். ஆனால் ஒரு சதம்கூடச் செலவில்லாமல் ஒரு கையால் கட்டும் முறையும் உண்டு. லேஸின் ஒரு நுனியில் தடித்த முடிச்சுப் போடுங்கள். அதைக் கீழ் ஓட்டையின் உட்பக்கம் தங்கும்படி வைத்து, மறுநுனியை மட்டும் இடம் வலமாக மேலே கொண்டுபோங்கள். ஒரே நுனிதான், ஆகவே இழுப்பதற்கு ஒரு கை போதும். மேலே வந்ததும் முடிச்சுப் போடாமல், நுனியை மேல் இரண்டு வரிகளுக்குக் கீழே செருகி மடக்கிவிடுங்கள். உராய்வே பிடித்துக்கொள்ளும். ஓட்டப்பந்தயத்துக்குப் போதாது, கடைக்கும் கந்தோருக்கும் போய்வரத் தாராளமாகப் போதும்.

நீரிழிவு உள்ளவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நரம்பு பாதித்த பாதத்துக்கு இறுக்கம் தெரியாது. பூட்டு அழுத்திப் புண்ணாகியபின்தான் தெரியவரும், அந்தப் புண் ஆறுவது கடினம். அவர்களுக்கான பூட்டு அகலமாக, மென்மையாக, வீக்கத்துக்கேற்ப இடம் விடுவதாக இருக்க வேண்டும். மெல்லிய கம்பியும் ஒடுக்கமான பட்டியும் கூடாது. அகலமான வெல்க்ரோப் பட்டி இங்கே லேஸையே வெல்லும்.

காந்தம் என்ற முதல் யோசனை

பிள்ளைகளிடம் புதிய பூட்டு கேட்டால் முதலில் வருவது காந்தம். யோசனை தவறில்லை, ஒரு கையால் பூட்டலாம், தானாகவே போய் ஒட்டும். ஆனால் காந்தத்தின் குணம் வெல்க்ரோவுக்கு நேர் எதிர். நேரே பிரித்தால் பலமாகப் பிடிக்கும், பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிவிடும். சப்பாத்தின் இழுவை வருவதோ பக்கவாட்டில். ஆகவே காந்தத்தோடு ஒரு படி அல்லது பல் சேர்க்க வேண்டும். காந்தம் இடத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து உட்காரவைக்கும், பல் சுமையைத் தாங்கும்.

திருகோணமலைக்கென்றே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நமக்கு வடக்கே புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் இல்மனைற்று என்ற கனிமம் நிறைந்திருக்கிறது. மணலிலிருந்து அதைப் பிரித்தெடுப்பதே காந்தத்தால்தான். பலமான காந்தம் வைத்த சப்பாத்தோடு அந்தக் கரையில் நடந்தால் பூட்டு முழுக்கக் கறுப்பு மணல் அப்பிக்கொள்ளும். அதோடு உப்புக்காற்று. முலாம் கீறுபட்ட நியோடிமியம் காந்தம் கடற்கரையில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். இரும்புப் பக்கிளும் மலிவான சிப்பின் வழுக்கியும் அப்படித்தான். பித்தளை, நைலோன், நல்ல கறையில்லா உருக்கு இவை தாக்குப்பிடிக்கும்.

கையால் செய்து பார்க்க

பழைய கன்வஸ் சப்பாத்து ஒன்று எடுங்கள். லேஸைக் கழற்றிவிட்டு, ஓட்டைகளில் பேனாக் குழாயின் சிறு துண்டுகளைச் செருகி ஒட்டி, அவற்றினூடாக மெல்லிய நைலோன் கயிறு ஓடவிடுங்கள். மேலே பை, மழைக்கோட்டு இவற்றில் வரும் அமுக்கும் நூல்பூட்டை மாட்டுங்கள். டயல் முறையின் ஏழைத் தம்பி தயார். தங்கூசியால் செய்தால் என்ன என்று கேட்பார்கள். அது இன்னும் வழுக்கும், ஆனால் துணியையும் தோலையும் அறுத்துவிடும், நூல்பூட்டும் அதைப் பிடிக்காது. இதையும் செய்து பார்த்தால்தான் போவா கம்பனிக்கு ஏன் தனி வழிகாட்டிகள் தேவைப்பட்டன என்பது விளங்கும்.

சோதிப்பதைக் கடுமையாகச் செய்யுங்கள். போட்டுக்கொண்டு படி ஏறி இறங்குங்கள், பாய்ந்து பாருங்கள், குதிக்கால் எழும்புகிறதா என்று இன்னொருவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கடல்நீரில் நனைத்து, மணலில் புரட்டி, வெயிலில் காயவைத்து, அதையே பல தடவை திருப்பிச் செய்தபின் பூட்டு வேலை செய்கிறதா பாருங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பூட்டிப் பாருங்கள். எல்லாவற்றிலும் முக்கியம், யாருக்காகச் செய்தீர்களோ அவருடைய கையில் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்று பார்ப்பது.

நன்றாக வந்தால் காப்புரிமை பற்றி யோசிக்கலாம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்தான் இதற்கு அடிப்படை, விண்ணப்பம் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போகும். பொருள் புதிதாக இருக்க வேண்டும், துறை தெரிந்தவருக்கும் வெளிப்படையாகத் தோன்றாததாக இருக்க வேண்டும், தொழில் முறையில் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். கிடைத்தால் காலம் 20 ஆண்டு. அதற்கு முன் பழைய காப்புரிமைகளைத் தேடிப் பாருங்கள், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன, காலம் முடிந்தவற்றை யாரும் பாவிக்கலாம். தொடங்க நல்ல இடம் ஜட்சனின் 1893ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை, இலக்கம் 504,038. அதிலுள்ள படத்தையும் சண்ட்பேக்கின் 1917 படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலாவது எந்த இடத்தில் பிய்ந்திருக்கும் என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள்.